தைராய்டு ஊசிச் சோதனை: படிவத்தில் விடுபடும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன் தங்கையின் தைராய்டு கட்டி குறித்து ஒரு சகோதரி உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் எழுதியிருந்ததைப் படித்தேன். முதல் ஆய்வகம் 'மூன்றாம் வகை, அசாதாரண செல்கள்' என்றதாம். அடுத்த ஆய்வகமோ 'ஹாஷிமோட்டோ அழற்சி, இரண்டாம் வகை, புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை' என்றதாம். இரண்டில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று அவர் கடிதத்தை முடித்திருந்தார். கோபம் நியாயமானதுதான். இரண்டு அறிக்கைக்கும் நடுவில் அந்த வீட்டில் எத்தனை பேர் தூக்கமில்லாமல் கிடந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஆய்வகங்களுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் தைராய்டில் ஊசி போட்டு எடுத்த ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் தொழில். அந்த உரிமையில் சொல்கிறேன்: இருவருமே கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, நேர்மையாகவே எழுதியிருக்கலாம்.

அவர் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு தகவல் வந்தது. தங்கைக்கு ஹாஷிமோட்டோ என்று முன்பே கண்டுபிடித்து, பல வருடமாகத் தைராக்சின் மாத்திரை எடுத்து வருகிறார்; சுரப்பிக்கு எதிராக உடலே உண்டாக்கும் ஆன்ட்டிபாடி அளவும் மிக அதிகம். இந்த விவரம் முதல் ஆய்வகத்துக்குப் போன படிவத்தில் இருந்ததா? இருந்திருக்காது என்று பந்தயமே கட்டுவேன். எங்களுக்கு வரும் படிவத்தில் நோயாளியின் விவரம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் பெரும்பாலும் 'கழுத்தில் கட்டி' என்றிருக்கும். கட்டி இல்லாத கழுத்தில் யார் ஊசி போடப் போகிறார்கள்! சில படிவங்களில் அதுகூட இருக்காது, ஒரு கோடு இழுத்திருக்கும். ஹாஷிமோட்டோ போன்ற தன்னெதிர்ப்பு நோய், அதாவது உடலின் பாதுகாப்பே உடலைத் தாக்கும் நோய், இருக்கும் தைராய்டில் அந்தக் கோடு செய்கிற சேதத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1912-இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர், நான்கு பெண்களிடமிருந்து வெட்டி எடுத்த தைராய்டுகளை ஆராய்ந்து எழுதினார். சுரப்பி முழுக்க லிம்போசைட் எனப்படும் வெள்ளை அணுக்கள் குடியேறியிருந்ததுதான் அவர் கண்ட புதுமை. நம் உடலின் காவல்படையே நம் சுரப்பியைத் தாக்குகிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. 1956-இல் டொனியாக், ராய்ட், கேம்ப்பெல் மூவரும் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்ட்டிபாடிகளைக் காட்டினார்கள். ஆக, இது ஓய்வில் இருக்கும் சுரப்பி அல்ல. வருடக்கணக்கில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் சுரப்பி.

அடி வாங்கிய செல் ஸ்லைடில் எப்படித் தெரியும் என்று சொன்னால் எங்கள் சங்கடம் புரியும். சாதாரண தைராய்டு கட்டி என்றால் கொலாய்டு என்ற கெட்டியான திரவம் தாராளமாக இருக்கும், அதன் நடுவே ஒரே அளவுள்ள செல்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். பார்த்த உடனே மனசு சமாதானமாகிவிடும். ஹாஷிமோட்டோ ஸ்லைடு அப்படியல்ல. கொலாய்டு அநேகமாக இருக்காது. திரும்பின பக்கமெல்லாம் கருநீலப் புள்ளிகளாக லிம்போசைட்டுகள். கண்ணாடியில் தேய்க்கும்போது கை கொஞ்சம் அழுத்திவிட்டால் போதும், அவை நசுங்கி நீள இழைகளாக இழுபட்டுக் கிடக்கும். அவற்றுக்கிடையே ஹர்த்தில் செல்கள் தெரியும்: ஊதிப் பெருத்து, குருணை குருணையாக, பெரிய உட்கருவும் அதன் நடுவில் ஒரு பளிச்சென்ற மணியுமாக. இவை வேறெங்கிருந்தோ வந்தவை அல்ல, தாக்குதலில் உருமாறிப்போன தைராய்டு செல்களே. ஆனால் இதே செல்கள் மட்டும் தனியாகக் கூட்டம் கூட்டமாக வந்தால் அது ஹர்த்தில் செல் கட்டி என்ற வேறு விவகாரம். அதில் புற்றுநோயும் உண்டு. ஊசி முனை போய் நின்ற இடத்தில் தற்செயலாக லிம்போசைட் குறைவாகவும் ஹர்த்தில் செல் அதிகமாகவும் இருந்துவிட்டது என்று வையுங்கள். கையில் ஸ்லைடு மட்டுமே உள்ளவர் எந்தப் பக்கம் சாய்வார்?

இன்னொரு சிக்கல் இதைவிட அடிக்கடி வருவது. தைராய்டு புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை பாப்பில்லரி வகை. அதை நாங்கள் செல்லின் உட்கருவை வைத்துத்தான் பிடிக்கிறோம். உட்கரு பெரிதாகி வெளிறியிருக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், காப்பிக்கொட்டையில் இருப்பது போல நடுவே நீளவாட்டில் ஒரு கோடு விழுந்திருக்கும், சிலவற்றில் உள்ளே ஒரு குமிழி தெரியும். இந்தக் கோடும் வெளிறலும் பாப்பில்லரிக்கு மட்டும் சொந்தமாக இருந்திருந்தால் என் வேலை சுலபம். நாள்பட்ட அழற்சியில் கிடக்கும் அப்பாவி செல்லும் வெளிறும், பெருக்கும், அங்கொன்று இங்கொன்றாகக் கோடும் விழும். அளவும் பரவலும்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் பல நேரம் மயிரிழை.

இங்கேதான் படிவத்தின் அந்த ஒரு வரி வேலை செய்கிறது. 'ஹாஷிமோட்டோ, ஆன்ட்டிபாடி அதிகம்' என்று எழுதியிருந்தால், நான் தேடும் விதமே மாறிவிடும். மாறுதல் தெரியும் செல்கள் லிம்போசைட்டுகளோடு கலந்து கிடக்கின்றனவா என்று பார்ப்பேன். லிம்போசைட்டுகள் அந்தச் செல்கூட்டத்துக்குள்ளேயே புகுந்திருந்து, மாறுதலும் லேசாக இருந்தால் அழற்சியின் விளைவு என்று தைரியமாகச் சொல்வேன். லிம்போசைட் அண்டாத தனிக்கூட்டமாக, அத்தனை செல்லிலும் அதே வெளிறல், அதே கோடு, உள்ளே குமிழி என்று இருந்தால், ஹாஷிமோட்டோ இருக்கட்டும், இது வேறு என்று எழுதுவேன். வரி இல்லாவிட்டால்? ஸ்லைடில் லிம்போசைட்டும் போதிய அளவு வராவிட்டால் மூன்றாம் வகை என்று எழுதி, பந்தைத் திரும்ப மருத்துவரிடமே தள்ளுவதுதான் நேர்மை.

மூன்றாம் வகை என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வீட்டார் அதைப் புற்றுநோயின் மூன்றாம் கட்டம் என்று எடுத்துக்கொண்டு பதறுவதைப் பார்த்திருக்கிறேன். அது கட்டமே அல்ல. 2007-இல் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் கூடிய வல்லுநர்கள் தைராய்டு ஊசி அறிக்கைகளுக்கு ஆறு வகைகளை வகுத்தார்கள். 2023-இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. ஒன்று, போதிய செல் இல்லை. இரண்டு, தீங்கற்றது, ஹாஷிமோட்டோ அழற்சி இதில் அடங்கும். மூன்று, எந்தப் பக்கம் என்று அறுதியிட முடியாத மாறுதல். ஆறு, புற்றுநோய். கடைசிப் பதிப்பின்படி இரண்டாம் வகையில் புற்றுநோயாக முடியும் வாய்ப்பு சராசரியாக 4 சதவீதம், மூன்றாம் வகையில் 22 சதவீதம். இந்தக் கணக்கும் பெரும்பாலும் அறுவை செய்து பார்த்த கட்டிகளை வைத்துப் போட்டது. அறுவைக்கே போகாதவர்களையும் சேர்த்தால் விகிதம் இறங்கும். தங்கையின் ஸ்லைடு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கிற ஸ்லைடு. அப்படிப்பட்டதை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பது எங்கள் தொழிலில் புதிதல்ல. ஊசியும் இரண்டு முறை வேறு வேறு இடத்தில் போய்க் குத்தியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு, ஹாஷிமோட்டோ என்று எழுதினால் போதும் எல்லாம் அழற்சி என்று ஆகிவிடும் என யாரும் நினைக்க வேண்டாம். எதிர்த்திசை ஆபத்துதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

இருபதைத் தாண்டிய ஒரு பெண்ணின் ஸ்லைடு நினைவுக்கு வருகிறது. ஆன்ட்டிபாடி எக்கச்சக்கம். சுரப்பி முழுக்கக் கல் போலக் கெட்டி. ஸ்கேனில் தனிக் கட்டி என்று ஒன்றுமே இல்லை, அதனால் எல்லோரும் ஹாஷிமோட்டோ என்றே இருந்தார்கள். ஸ்கேன் செய்த மருத்துவர் மட்டும் ஒன்றை விடாமல் எழுதியிருந்தார்: சுரப்பி முழுவதும் பொடிப்பொடியாக வெண்புள்ளிகள், கழுத்தின் பக்கவாட்டில் நிணநீர்க் கணுக்கள். அந்த வாக்கியத்தைப் படித்த பிறகுதான் ஸ்லைடைக் கையில் எடுத்தேன். லிம்போசைட் கூட்டத்துக்குள் வட்டவட்டமாய் அடுக்கடுக்கான சுண்ணாம்பு உருண்டைகளும், அவற்றை ஒட்டிச் சில மோசமான செல்கூட்டங்களும் இருந்தன. பாப்பில்லரி புற்றுநோயிலேயே, சுரப்பி முழுக்கப் பரவித் தழும்பாக்கும் ஒரு வகை உண்டு. இளம் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். ஆன்ட்டிபாடியோடும் லிம்போசைட்டோடும் வந்து அச்சு அசல் ஹாஷிமோட்டோ வேஷம் போடும். நிணநீர்க் கணுக்களுக்குச் சீக்கிரமே பரவும். ஸ்கேன் அறிக்கையின் அந்த வாக்கியம் இல்லாமல் லிம்போசைட் மட்டும் நிறைந்த ஒரு ஸ்லைடு என் மேசைக்கு வந்திருந்தால், அதை யாரும் இருமுறை பார்த்திருக்க மாட்டார்கள்.

வயதானவர்களில் இன்னொன்று. தைராய்டில் லிம்போமா என்ற லிம்போசைட் புற்றுநோய் வருவது அரிது, ஆனால் வந்தால் அநேகமாக ஹாஷிமோட்டோ இருந்த சுரப்பியில்தான் வரும். வருடக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்த அம்மாவுக்குச் சில வாரங்களில் கழுத்து வீங்கும், குரல் கம்மும், விழுங்கச் சிரமப்படும். ஊசி போட்டால் ஸ்லைடு நிறைய லிம்போசைட். ஹாஷிமோட்டோவிலும் லிம்போசைட், லிம்போமாவிலும் லிம்போசைட்! மெதுவாக வளரும் வகை என்றால் மைக்ராஸ்கோப்பில் பிரித்துச் சொல்வது இன்னும் கடினம். 'கட்டி சில வாரங்களில் இரு மடங்கானது' என்று ஒரு வரி படிவத்தில் இருந்தால், நான் அறிக்கை எழுத உட்கார மாட்டேன். மருத்துவருக்குப் போன் போட்டு, செல்களை வகை பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு இன்னொரு துளி எடுங்கள், அல்லது பெரிய ஊசியால் திசுவாகவே எடுத்து அனுப்புங்கள் என்பேன்.

கிரேவ்ஸ் நோய்க்காரர்களுக்கும் இது பொருந்தும். சுரப்பி அதிகமாக வேலை செய்யும் அந்த நோய்க்கு மாத்திரை எடுத்தவர்களின் செல்களும் உருமாறியிருக்கும். கதிரியக்க அயோடின் வாங்கியவர் என்றால் கேட்கவே வேண்டாம். பல வருடம் கழித்தும் விகாரமான பெரிய உட்கருக்கள் ஸ்லைடில் வந்து நிற்கும். 'அயோடின் சிகிச்சை முடிந்தவர்' என்று தெரியாமல் அதைப் பார்ப்பவர் திடுக்கிடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கிரேவ்ஸில் ஐசோடோப் ஸ்கேன் எடுக்கும்போது சுரப்பி முழுக்க ஒளிர, ஓரிடம் மட்டும் அயோடினை எடுக்காமல் மங்கியிருந்தால் அந்த இடத்தில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

ஸ்கேனைப் பற்றிக் கொஞ்சம். ஹாஷிமோட்டோ சுரப்பி அல்ட்ராசவுண்டில் ஒரே சீராக இருக்காது. திட்டுத் திட்டாக, நடுவே தழும்புக் கோடுகளோடு இருக்கும். அந்தத் திட்டுகளில் பாதி, கட்டி மாதிரி தெரியும் ஆனால் கட்டி அல்ல. கருவியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பார்த்தால் ஒரு திசையில் கரைந்துபோகும். நிஜக் கட்டி இரண்டு திசையிலும் நிற்கும். உயரம் அகலத்தைவிட அதிகமா, விளிம்பு கிழிந்தாற்போல் இருக்கிறதா, உள்ளே பொடிப் புள்ளிகள் உண்டா என்பவற்றைப் பார்த்துத்தான் ஊசி தேவையா என்று முடிவெடுப்பார்கள். அளவும் கணக்கு. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017-இல் வெளியிட்ட முறைப்படி மிகச் சந்தேகமான கட்டிக்கு 1 செ.மீ., நடுத்தரச் சந்தேகத்துக்கு 1.5 செ.மீ., லேசான சந்தேகத்துக்கு 2.5 செ.மீ. தொட்டால்தான் ஊசி. மூச்சுக்குழாயை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள் ஹாஷிமோட்டோவில் சும்மாவே பெருத்திருக்கும் என்பதும் தெரிந்திருந்தால் வீண் பீதி குறையும்.

பீதி என்றதும், உங்கள் நலவாழ்வுப் பக்கத்தின் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, ஆசிரியரே. 'தைராய்டு ஆன்ட்டிபாடி இருக்கிறதா? புற்றுநோய் எச்சரிக்கை!' என்ற தொனியில் செய்தி போடாதீர்கள். ஹாஷிமோட்டோவுக்கும் பாப்பில்லரி புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்ற வாதம் 1955-இல் டெய்லி என்பவரும் சகாக்களும் எழுதியதிலிருந்து நடந்து வருகிறது. அறுவை செய்த சுரப்பிகளை எண்ணினால் தொடர்பு பலமாகத் தெரிகிறது. ஊசிச் சோதனைக்கு வந்தவர்களை எண்ணினால் அவ்வளவு தெரிவதில்லை. அறுவைக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே சந்தேகத்தின் பேரில் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்பதை யோசித்தால் காரணம் விளங்கும். இரண்டும் சேர்ந்து வந்தவர்களின் புற்றுநோய் பல ஆய்வுகளில் குறைவாகவே பரவியிருந்தது. ஆன்ட்டிபாடி உள்ளவர்கள் எல்லோரும் ஸ்கேனுக்கு வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா பாடம் வைத்திருக்கிறது. அங்கே பரவலாகத் தைராய்டு ஸ்கேன் செய்யப்போய், 2011-இல் கண்டறிந்த தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கு. அந்த நோயால் இறந்தவர்கள் விகிதமோ அசையவில்லை. கண்டுபிடிக்காமலே விட்டிருந்தாலும் ஒன்றும் செய்திருக்காத கட்டிகளுக்காக எத்தனையோ பேர் சுரப்பியை இழந்தார்கள். கட்டி இருந்தால் கட்டியைப் பாருங்கள். ஆன்ட்டிபாடி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஊசியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அறுவை முடிந்த பிறகும் இந்தத் தகவல் கூடவே வர வேண்டும். புற்றுநோய் திரும்புகிறதா என்று பார்க்க, தைராய்டு செல்கள் உண்டாக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை இரத்தத்தில் அளப்பார்கள். அதற்கு எதிரான ஆன்ட்டிபாடி உடம்பில் இருந்தால், இன்று பரவலாக உள்ள சோதனை முறைகளில் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

குறை யாருடையது என்று கேட்டால், நோயாளிமேல் நான் போட மாட்டேன். கூட்டம் நெருக்கும் நேரத்தில் மருத்துவர் இரண்டு வார்த்தை எழுதி நீட்டிவிடுகிறார், அவரைப் புரிந்துகொள்ள முடிகிறது. எங்கள் ஆட்களும் போனை எடுத்துக் கேட்பதற்குச் சோம்பல்படுகிறோம். வெற்றுக் கட்டத்தோடு வரும் தைராய்டு படிவத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் ஆய்வகத்துக்கு வேண்டும் என்பது என் கட்சி. சொன்னால் சக மருத்துவர்கள் சிரிக்கிறார்கள். அப்படித் திருப்பினால் அடுத்த ஆய்வகத்துக்குப் போய்விடுவார்கள் என்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் வாசகர்களிடம் வந்திருக்கிறேன். ஊசிச் சோதனைக்குப் போகும்போது படிவத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். தன்னெதிர்ப்பு நோய் உண்டென்றால் அதன் பெயர், என்ன மருந்து, எத்தனை வருடமாக, அயோடின் சிகிச்சை நடந்ததா, கட்டி எவ்வளவு வேகமாக வளர்ந்தது, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்ததா. இவை இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் அறிக்கையின் நகலையும் கூடவே கொடுங்கள். பல கட்டிகள் இருந்தால் எந்தக் கட்டியில் குத்தினார்கள் என்பதும் வேண்டும். 'வலது பக்கம்' என்பது போதாது, 'வலது மடலின் கீழ்ப்பகுதி, இத்தனை செ.மீ.' என்று இருக்க வேண்டும். ஊசி போடுகிறவரிடம் வாயால் சொன்னாலும் சரி, அவர் எழுதுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தச் சகோதரிக்கு. மூன்றாவது ஆய்வகம் தேடி இன்னொரு அறிக்கை வாங்கினால் உங்களுக்கு மூன்று கருத்து சேரும், அவ்வளவே. அதற்குப் பதில், இரண்டு ஆய்வகங்களிலும் ஸ்லைடுகளைக் கேட்டு வாங்குங்கள். ஸ்லைடுகளைப் பத்திரப்படுத்தி வைப்பது ஆய்வகத்தின் கடமை. மறுபார்வைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதும் வழக்கம்தான். தைராய்டு ஸ்லைடுகளை அதிகம் பார்க்கும் ஒருவரிடம் இரண்டையும் ஒன்றாக, ஸ்கேன் அறிக்கையோடும் ஆன்ட்டிபாடி முடிவோடும் கொடுங்கள். அவரும் தெளிவில்லை என்றால் திரும்ப ஊசி போடுவதா, சில மாதம் ஸ்கேனில் கண்காணிப்பதா, மரபணுச் சோதனை உதவுமா என்று உங்கள் மருத்துவர் சொல்வார். மரபணுச் சோதனையில் பிராஃப் (BRAF) என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் பாப்பில்லரி என்பது ஏறக்குறைய உறுதி. இல்லை என்று வந்தால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், ஹாஷிமோட்டோவோடு வரும் பாப்பில்லரியில் அந்த மாற்றம் குறைவாகவே காணப்படுகிறது. இதற்கிடையில் கட்டி வேகமாக வளர்ந்தாலோ குரல் மாறினாலோ இந்த வரிசையெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். ஸ்லைடு கேட்கும்போது சாயம் போடாத தகடு மிச்சம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பார்ப்பவருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஸ்லைடு பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர்